இன்ஸ்பெக்டரில் இருந்தன, திரையில் இல்லை

ஈரோட்டில் மஞ்சள் கிடங்கு வைத்திருக்கும் என் மாமாவுக்காக, எந்த அட்டியில் (மூட்டை அடுக்கில்) விரலி மஞ்சள், எந்த அட்டியில் கிழங்கு மஞ்சள் என்று ஒரே பார்வையில் காட்டும் எஸ்விஜி (இணையப்பக்கத்தில் வடிவங்களை வரையும் மொழி) வரைபடம் ஒன்றைச் சென்ற மாசியில் எழுதினேன். அட்டிக்கு ஒரு செவ்வகத்தை ஜாவாஸ்கிரிப்ட் உருவாக்க வேண்டும். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் பிரவுசரின் இன்ஸ்பெக்டரில் 40 'ரெக்ட்' (செவ்வகம்) உறுப்புகளும் அகலம், உயரம், நிறம் பிசகாமல் வரிசையாக நின்றன. திரை மட்டும் வெறுமையாக இருந்தது.

நிறத்தையும் அளவையும் மாற்றி மாற்றி அரை நாளை வீணடித்த பிறகே, ஓர் உறுப்பின் நேம்ஸ்பேஸை (அது எந்த மொழியைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாள முகவரியை) பிரவுசரின் கன்சோலில் அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. 1999 என்ற ஆண்டைத் தாங்கிய எக்ஸ்ஹெச்டிஎம்எல் முகவரி, அதாவது ஹெச்டிஎம்எல் உறுப்புகளுக்கு உரியது, வந்தது. உறுப்புகளை உருவாக்க நான் பயன்படுத்திய 'கிரியேட்எலிமென்ட்' கட்டளை அந்தப் பக்கத்தில் எதையும் ஹெச்டிஎம்எல் உறுப்பாகவே உருவாக்கும். பெயர் 'ரெக்ட்' என்றிருந்தாலும் பிரவுசருக்கு அது முன்பின் அறியாத ஹெச்டிஎம்எல் உறுப்புதான் என்பதால் வரைவதில்லை. நேம்ஸ்பேஸைக் குறிக்கும் 'எக்ஸ்எம்எல்என்எஸ்' பண்பைப் பின்னர் ஒட்டியும் பார்த்தேன். நேம்ஸ்பேஸ் உருவாகும்போதே முடிவாகிவிடுவதால் பயனில்லை. கட்டளையை, நேம்ஸ்பேஸையும் கேட்டு வாங்கும் 'கிரியேட்எலிமென்ட்என்எஸ்' என்று மாற்றி, 2000 என்ற ஆண்டைத் தாங்கிய எஸ்விஜி முகவரியை அதன் முதல் மதிப்பாகக் கொடுத்ததும் 40 கட்டங்களும் தெரிந்தன. (அந்த முகவரி வெறும் அடையாளம், பாதுகாப்பு கருதி எச்டிடிபிஎஸ் என்று திருத்தினால் மீண்டும் வெறுமைதான்.)

மாமா பார்த்துவிட்டு, "கிழங்குக்கு இன்னுங் கொஞ்சம் கருத்த மஞ்சளா வையுங்க மாப்ள" என்றார்.