கிரேக்கப் பயணம்: தீவுகளையும் இடிபாடுகளையும் ஒரே திட்டத்தில் அடக்குவது எப்படி

கிரேக்க நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய தீவுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு, அதன்பின் அவற்றுக்கிடையே செல்லும் வழியைத் தேடுகிறார்கள். முதலில் கப்பல் வழித்தடங்களைப் பார்த்துவிட்டு, அவை இடம் தரும் தீவுகளைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. சிறு திட்டுகளையும் சேர்த்தால் அந்நாட்டில் ஏறத்தாழ 6,000 தீவுகள் உள்ளன. மக்கள் வாழ்பவை 227 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இவை சைக்ளடீஸ், டொடெக்கனீஸ், அயோனியன், சரோனிக் முதலிய கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் கப்பல்கள் தாராளமாக ஓடினாலும், கிழக்கே சைக்ளடீஸில் உள்ள சாண்டோரினியிலிருந்து மேற்கே அயோனியன் கடலில் உள்ள கோர்ஃபுவுக்கு நேர்க்கப்பல் கிடையாது. ஏதென்ஸுக்குத் திரும்பி, அங்கிருந்து விமானம் ஏறுவதே வழக்கம். ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு கூட்டம் போதும். பத்து நாள் பயணத்தில் இரண்டு தீவுகளுக்கு மேல் சேர்த்தால், விடுமுறையின் கணிசமான பகுதி துறைமுகங்களில் பெட்டிகளுக்குக் காவலிருப்பதிலேயே கழிந்துவிடும்.

எந்த மாதம் செல்வது என்பதில் எனக்கு ஐயமில்லை: செப்டம்பர். கோடை முழுதும் வெயிலில் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பயணிகளின் கூட்டமும் குறையத் தொடங்கியிருக்கும். மே, ஜூன் மாதங்களில் மலைச்சரிவுகள் பசுமையாக இருந்தாலும், மே மாதக் கடல் நீந்துவதற்குக் குளிராகவே இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம்: 2023 முதல் வெப்ப அலை வீசிய கோடை நாட்களில் பண்டைய கோயில்கள் நிற்கும் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றையே நண்பகலில் மூடியிருக்கிறார்கள். இரண்டாவது, ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் 'மெல்டெமி' என்ற கோடைக்காற்று. மூன்றாவது, ஆகஸ்ட் 15 அன்று வரும் மரியன்னை பெருவிழாவையொட்டிக் கிரேக்கர்களே தத்தம் தீவுகளுக்குத் திரும்புவதால் கப்பல்கள் நிரம்பி வழியும். குளிர்காலத்தில் பல தீவு விடுதிகள் மூடிக்கிடக்கும். இடிபாடுகளை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு அதுவும் நல்ல காலமே, ஆனால் பல இடங்களில் பிற்பகலிலேயே வாயிலை அடைத்துவிடுவார்கள்.

அந்த மெல்டெமிதான் பயணத்தின் வரிசையையும் தீர்மானிக்க வேண்டும். காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படத் தடை விதிப்பார்கள்; சிறிய அதிவேகப் படகுகள் முதலில் நிற்கும், வாகனங்களை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் இன்னும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். தடை ஒரு நாளில் நீங்கலாம், இரண்டு நாட்களும் நீடிக்கலாம். எனவே ஏதென்ஸில் இறங்கியதும் தீவுகளுக்குச் சென்றுவிட்டு, தலைநகரையும் அதைச் சுற்றியுள்ள இடிபாடுகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தீவிலிருந்து திரும்பும் கப்பலுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு இரவுகள் இருந்தால், கப்பல் ஒரு நாள் தாமதித்தாலும் அக்ரோபோலிஸைப் பார்க்க நேரமிருக்கும், விமானமும் தவறாது.

பத்து நாட்களுக்கு நான் பரிந்துரைப்பது சைக்ளடீஸ் கூட்டத்தைச் சேர்ந்த நாக்சோஸில் நான்கு இரவுகள், சாண்டோரினியில் இரண்டு, எஞ்சியவை ஏதென்ஸில். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் நாக்சோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதிவேகப் படகு நேரத்தைக் குறைக்கும், கட்டணத்தை உயர்த்தும், திறந்த மேல்தளத்தில் நின்று தீவுகள் கடந்து செல்வதைப் பார்க்கும் இன்பத்தையும் பறித்துவிடும். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ ரயிலில் நேராகச் செல்லலாம். துறைமுகம் மிகப் பெரியது. கப்பல் எந்த வாயிலிலிருந்து புறப்படுகிறது என்பதை முந்தைய நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும். மைகோனோஸ் செல்வோருக்கு விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ரஃபினா துறைமுகம் வசதியாக இருக்கும்.

நாக்சோஸ் துறைமுகத்தை நெருங்கும்போதே, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் நின்றுபோன அப்பல்லோ கோயிலின் மாபெரும் பளிங்கு நிலைவாயில் தனித்து நிற்பது தெரியும். சாண்டோரினிக்குச் செல்பவர்கள் பலரும் சூரிய அஸ்தமனத்துக்காகவே செல்கிறார்கள். எனக்கோ அத்தீவின் பெரும்பேறு அக்ரோதிரிதான். கி.மு. 1600 வாக்கில் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த அந்நகரத்தில் இரண்டு, மூன்று மாடி வீடுகள் இன்றும் நிற்கின்றன. மனித உடல்கள் அங்கு கிடைக்காததால், மக்கள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அகழாய்வு முழுதும் கூரையின் கீழ் இருப்பதால், வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தை இதற்கு ஒதுக்கலாம்.

மைகோனோஸ் தீவைத் தேர்ந்தெடுப்போர் பார்க்கக்கூடிய டெலோஸ் இதற்கு நேர்மாறு. மைகோனோஸிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் உள்ள அத்தீவில் பிறக்கவும் இறக்கவும் கூடாது என்று பண்டைய ஏதென்ஸ் மக்கள் விதித்திருந்தார்கள். இன்றும் பயணிகள் அங்கு இரவு தங்க முடியாது. தீவு முழுதும் இடிபாடுதான், நிழல் இல்லை. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையின் முதல் படகிலேயே செல்ல வேண்டும்.

ஏதென்ஸுக்குத் திரும்பிய பின் அக்ரோபோலிஸ். நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்ற வரம்பு 2023 முதல் நடைமுறையில் உள்ளது. நுழைவுச்சீட்டு குறிப்பிட்ட நேரத்துக்கே தரப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் கட்டணம் 30 யூரோ. அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் காலை எட்டு மணி நுழைவை முன்பதிவு செய்வது நல்லது. பல நூற்றாண்டுகளாகக் காலடி பட்டு வழவழப்பாகிவிட்ட பளிங்கும் பாறையும் வழுக்கும் என்பதால், பிடிமானமுள்ள காலணி தேவை. கி.மு. 447க்கும் 432க்கும் இடையே எழுப்பப்பட்ட பார்த்தினான் கோயில் இன்று இவ்வளவு சிதைந்து நிற்பதற்குக் காலம் மட்டும் காரணமன்று. 1687இல் வெனிஸ் படை சுட்ட குண்டு, கோயிலுக்குள் துருக்கியர் சேமித்திருந்த வெடிமருந்தைப் பற்றவைத்ததே பெருஞ்சேதத்துக்குக் காரணம். குன்றிலிருந்து இறங்கியதும் அடிவாரத்திலுள்ள அருங்காட்சியகத்தில் நண்பகலைக் கழிக்கலாம், அதற்குத் தனிச்சீட்டு.

இன்னும் இரண்டு நாட்கள் இருந்தால், பண்டைய புனிதத் தலமான டெல்பிக்குச் செல்லலாம். ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்புவோரே அதிகம். ஆனால் அங்கேயே ஓர் இரவு தங்கினால், சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன் மலைச்சரிவிலுள்ள கோயிலையும் அரங்கத்தையும் அமைதியாகப் பார்க்க முடியும்.

முன்பதிவில் விமானம் முதலிலும், கப்பலும் விடுதியும் அடுத்தும், அக்ரோபோலிஸ் சீட்டு அதன்பின்னும் வர வேண்டும். விசா தேவைப்படும் நாட்டினர் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் சென்றிருக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். விடுதிக் கட்டணத்துக்கு மேல் அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி உண்டு. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் காலத்தில் விடுதியின் நட்சத்திரத் தகுதிக்கேற்ப அது 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை ஆகிறது. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேராது. விடுதியிலேயே செலுத்த வேண்டியிருக்கும் என்பதால் செலவுக் கணக்கில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.