“வியட்நாமில் இதைவிடக் குறைவு” என்று பையர் சொன்னால்

திருப்பூரில் பதினேழு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன்; அதாவது நம் ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு பையரோடு விலை பேசி ஆர்டர் முடிக்கும் வேலை. வியட்நாம் விலையைச் சொல்லி அடித்துப் பேசாத பையர் இல்லை. கூலி மலிவு போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால் அங்கே தையல்காரர் சம்பளம் ஒன்றும் நம்மைவிடக் குறைவில்லை. அப்புறம்தான் வேறு என்ன காரணம் என்று இப்படி எழுதிப் பார்க்கப் பழகினேன்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அந்த நாடு தன் வீட்டுக்குள் மாற்றிய சட்டங்கள், வலப்பக்கம் வெளியாரோடு போட்ட ஒப்பந்தங்கள். வருடம் கட்டாயம்.

வியட்நாமுக்கு இடப்பக்கம் 1986 டிசம்பரில் தொடங்கும். விலைவாசி வருடத்துக்கு 700 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாட்டில் ‘டோய் மோய்’ (புதுப்பித்தல்) என்று சந்தைக்குக் கதவைத் திறந்தார்கள். 1987இல் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம். 1988இல் சாகுபடிப் பொறுப்பு விவசாயக் குடும்பங்களுக்கு வந்தது. அதுவரை அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடு மறு வருடமே கப்பல் கப்பலாக ஏற்றியது.

வலப்பக்கம் மெதுவாகத்தான் நிரம்பும். 1989இல் கம்போடியாவிலிருந்து படை வாபஸ், 1995 ஜூலையில் அமெரிக்காவோடு உறவு, அதே மாதம் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இடம். 2001 கடைசியில் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் அமலானது. நம் தொழிலுக்கு வயிற்றைக் கலக்கிய வருடம் அதுதான்.

இனி எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போடுங்கள். இடமிருந்து வலம் மட்டும் போட்டால் பாதிக் கதைதான். 2007 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டும் என்பதற்காக, 2005இலேயே உள்ளூர் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி இரண்டுக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த அம்பு வலமிருந்து இடம்.

கடைசியாக, நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம்: எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கும் விதி. 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியட்நாம் போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், வியட்நாம் டிஷர்ட்டுக்கு அங்கே இனி டூட்டியே (இறக்குமதி வரியே) இல்லை என்று இங்கே ஒரே புலம்பல். ஏழு வருடத்துக்குள் படிப்படியாகக் குறையும் என்பதுதான் ஒப்பந்தம். அதுவும் துணி வியட்நாமிலோ ஐரோப்பாவிலோ தயாராகியிருக்க வேண்டும். கொரியத் துணிக்கும் அனுமதி உண்டு. சீனத் துணி என்றால் அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் வாங்குவதில் பெரும்பங்கு சீனத் துணிதானே!

அதனால் ஐரோப்பிய பையர் வியட்நாம் பேச்சை ஆரம்பித்ததும் நான் ஒன்றுதான் கேட்பேன்: “துணி எங்கிருந்து சார்?” போன சீசனில் ஒரு ரவுண்ட் நெக் ஆர்டருக்கு இதைக் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் வந்த மெயிலில் வியட்நாம் பேச்சையே காணோம், ஏழு சென்ட் மட்டும் குறைக்கச் சொன்னார். மூன்று சென்டில் முடித்தோம்.

பாலியஸ்டர் ஜாக்கெட்டுக்கு மட்டும் இதைக் கேட்காதீர்கள். அந்தத் துணிக்கு நாமும் சீனாவைத்தான் பார்க்க வேண்டும்.