பாரிஸில் வார இறுதி: மாணவர்களுக்குச் சில சிக்கன வழிகள்

ஐரோப்பாவில் படிக்கும் மாணவர்கள் சனி, ஞாயிறு விடுமுறையில் பாரிஸுக்குச் செல்லும்போது, விடுதி வாடகைக்கு அடுத்தபடியாகக் கையைக் கடிப்பவை அருங்காட்சியகக் கட்டணங்களே. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உடையவராக இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் நீண்டகாலம் வசிப்பதற்கான அனுமதி அட்டை இருந்து, வயதும் 26 நிறையாமல் இருந்தால், லூவர், ஓர்சே ஆகிய இரண்டின் நிரந்தரச் சேகரிப்புகளையும் இலவசமாகவே காணலாம். ஆகவே அந்த அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். லூவருக்கு இலவச நுழைவு என்றாலும், நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். வயது கடந்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. நகராட்சியின் கார்னவாலே, பெத்தி பலே அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் அனைவருக்கும் இலவசம். அவற்றுள் பாரிஸ் நகரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலேயை நான் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். 2019ஆம் ஆண்டு தீ விபத்துக்குப் பின் சீரமைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் பேராலயத்திற்கும் கட்டணமில்லை.

ஈஃபில் கோபுரத்தில் மின்தூக்கியைத் தவிர்த்து இரண்டாம் தளம் வரை படியேறினால் கட்டணம் குறையும்.

போக்குவரத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: நவிகோ எனும் வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும் என்பதால், வெள்ளி இரவு வந்து சேருபவருக்கு அது வீண்செலவு. 26 வயதுக்குட்பட்டோருக்கென வார இறுதி நாள்களுக்குத் தனியாக ஒரு நாள் சீட்டு உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள். மலிவு விமானங்கள் பல இறங்கும் போவே விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள்.