அபா ஹிட்ஸ் ஆல்பங்களில் எது உசத்தி? கூடி உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யும் முறை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் 1984இல் ஆரம்பித்து 16 வருடம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டா, 90 நிமிடக் கேசட்டா என்று கேட்டுக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு நிமிடம் கூட்டி, எது ஏ பக்கம், எது பி பக்கம் என்று பிரித்துப் பதிந்து கொடுப்பேன். முக்கால்வாசி இளையராஜாதான். மீதியில் அதிகம் கேட்டு வந்தது போனி எம், அப்புறம் ஸ்வீடன் நாட்டுப் பாப் குழு அபா.

இப்போது கடை இல்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டில் நாங்கள் நாலு பேர் கூடி அபா கேட்கிறோம். ஆச்சி, கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார், நான், ஆச்சியின் பேரன். அபாவின் ஹிட்ஸ் தொகுப்புகளில் எது உசத்தி என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் வந்துவிடும். முதல் ஆறு மாதம் வெறும் சத்தம்தான். அப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டோம். வேறு குழுவின் ரசிகர்களுக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஆளுக்கு ஐந்து நிமிடம். எந்த ஆல்பத்தை, எந்த வயதில், யார் வீட்டில் முதலில் கேட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால், கடைசி வரை எல்லோரும் அதைத்தான் வேறு வேறு காரணம் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆச்சிக்கு அது 1976இன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. பினாங்கில் இருந்த அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, கொண்டுவந்த இசைத்தட்டு. அட்டையில் குழுவின் நாலு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜோடி முத்தமிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒருவர் பேப்பர் படிப்பார், அவர் ஜோடி சும்மா உட்கார்ந்திருப்பார். வீட்டில் அப்பத்தா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி பிரவுன் தாளில் உறை போட்டுவிட்டாராம். அந்த உறை இன்னும் இருக்கிறது, மடிப்பு மடிப்பாக. இதைக் கேட்ட பிறகு ஆச்சியிடம் போய், “உங்கள் தட்டில் டான்சிங் குவீன் இல்லையே” என்று மட்டம் தட்ட யாருக்கு மனசு வரும்?

அந்தக் குறையே செல்லாத குறை. ஒப்பிடுவதற்கு முன்னால் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அபா 1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ‘வாட்டர்லூ’ பாடி யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை ஜெயித்தார்கள். முதல் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ ஸ்வீடனில் 1975 கடைசியில் வந்தது, பிரிட்டனில் 1976இல். ‘டான்சிங் குவீன்’ வந்ததோ 1976 ஆகஸ்டில். பிறக்காத பாட்டை எப்படிச் சேர்ப்பார்கள்? ‘வால்யூம் 2’ 1979இல் வந்தது. ‘தி சிங்கிள்ஸ்’ என்ற இரட்டைத் தட்டு 1982இல், குழு ஓய்ந்துபோகிற நேரத்தில். ‘கோல்ட்’ 1992இல், குழு நின்று 10 வருடம் கழித்து. அடுத்த வருடம் ‘மோர் கோல்ட்’. ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு ஆல்பம், மேலே தேதி, கீழே பாட்டுகள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும்.

நோட்டுப் போட்டாயிற்றா, இரண்டு ஆல்பத்துக்கும் பொதுவான பாட்டுகளை அடித்துவிடுங்கள். இதை முதல் தடவை செய்தபோது எங்களுக்கே ஆச்சரியம். ஆச்சியின் தட்டில் 14 பாட்டு. ‘கோல்ட்’ குறுந்தகட்டில் 19. இரண்டுக்கும் பொது நாலே நாலு: எஸ்.ஓ.எஸ்., மம்மா மியா, பெர்னாண்டோ, வாட்டர்லூ. ‘கோல்ட்’டை ‘வால்யூம் 2’வோடு ஒப்பிட்டால் 9 பொது. ஆகக் கூடி 13. ‘கோல்ட்’ புதிதாகத் தருகிற மீதி 6 என்னவென்று பார்த்தால் ‘சூப்பர் ட்ரூப்பர்’, ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’, ‘லே ஆல் யுவர் லவ் ஆன் மி’ போன்ற, பெரும்பாலும் 1980, 81இல் வந்த பாட்டுகள். பொதுப் பாட்டுகளைப் பற்றி யாரும் பேசக் கூடாது. தட்டு எதற்காக இருக்கிறது என்பது மிச்சமிருக்கிற பாட்டுகளில்தான் தெரியும். ஆச்சியின் தட்டில் மிச்சம் 10. ‘ரிங் ரிங்’, ‘ஹனி ஹனி’, ‘அனதர் டவுன் அனதர் டிரெய்ன்’ எல்லாம் அதில் வரும். குரலை இன்னும் அடுக்கடுக்காகப் பூசக் கற்றுக்கொள்ளாத, இளசான அபா.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை, கடிகாரம் வைத்துக் கேட்பது. 1994 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து வந்த ‘கோல்ட்’ குறுந்தகட்டை ஒருவர் கொடுத்து 90 கேசட்டில் பதியச் சொன்னார். கணக்குப் போட்டேன். முதல் 10 பாட்டு 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பதினோராவது ‘சிக்கிட்டா’ ஐந்தரை நிமிடம், 45ஐத் தாண்டிவிடும். அதனால் எஸ்.ஓ.எஸ்.ஸோடு ஏ பக்கத்தை முடித்து, சிக்கிட்டாவில் பி பக்கத்தை ஆரம்பித்தேன். அழகாக உட்கார்ந்தது. நாலு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். “என்னண்ணே, இடம் பத்தலைன்னு ‘நேம் ஆஃப் தி கேம்’ பாட்டை நடுவில் வெட்டிட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. 10 வருடக் கடையில் ஒரு பாட்டைக்கூட நான் வெட்டியதில்லை. ‘வால்யூம் 2’ தட்டை எடுத்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தட்டில் 5 நிமிடத்துக்குப் பக்கம் ஓடியது. குறுந்தகட்டில் 4 நிமிடம்கூட இல்லை. வெட்டு குறுந்தகட்டிலேயே இருந்தது. அவரை உட்கார வைத்து இரண்டையும் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

முதலில் வந்த ‘கோல்ட்’ பதிப்பில் அந்தப் பாட்டின் குறுக்கிய வடிவம்தான் இருந்தது. 1999இல் மறுபடி வெளியிட்டபோது முழுப் பாட்டும் வந்துவிட்டது. அதே ஆல்பத்தில் ‘வூலே வூ’ பாட்டும் குறுக்கப்பட்டதுதான். குறுந்தகட்டில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, 19 பாட்டு சேர்ந்து ஏற்கெனவே 77 நிமிடம். அதனால் இரண்டு பேர் ‘கோல்ட்’ என்று சொன்னால், இருவரும் ஒரே ‘கோல்ட்’டைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பின் அட்டையில் வருடம் இருக்கும். செல்போனில் கேட்பவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நிமிடக் கணக்கைப் பார்த்தாலே போதும்.

இனி கேட்கிற இடம். செட்டிநாட்டு வீடு பார்ப்பதற்கு எவ்வளவு அழகோ, பாட்டுக் கேட்பதற்கு அவ்வளவு சிரமம். நாங்கள் முதலில் ஸ்பீக்கரை வளவில், அதாவது வீட்டின் நடுவில் முற்றத்தை ஒட்டிய கூடத்தில், வைத்தோம். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளை போட்டு இழைத்த சுண்ணாம்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ‘மம்மா மியா’ ஆரம்பத்தில் மரிம்பா வாத்தியம் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வரும். வளவில் அது ஒவ்வொரு தட்டும் இரண்டாகத் திரும்பி வந்து, கடிகாரக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த இரைச்சலில் எந்தத் தட்டு நல்ல பதிவு என்று யாரால் சொல்ல முடியும்? இப்போது முகப்பை ஒட்டிய சின்ன அறையில், தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குப் பழைய போர்வை. அதே டிக் டிக் தனித்தனியாக, உலர்ந்த சத்தமாகக் கேட்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் அபாவின் பாட்டில் பாதி, ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோவின் கைவேலை. ஒரே குரலை மறுபடி பாட வைத்து, டேப்பின் வேகத்தை ஒரு துளி மாற்றி, முதல் பதிவின் மேல் படிய வைப்பார். இரண்டும் சுருதியில் இம்மி விலகி நிற்பதால்தான் இரண்டு பெண்கள் பாடுவது இருபது பேர் பாடுவது போல விரிகிறது. எதிரொலிக்கிற கூடத்தில் அந்த நுணுக்கம் கரைந்துபோகும்.

இன்னொன்று, இரண்டு பதிப்பையும் ஒரே சத்த அளவில் வைக்க வேண்டும். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்ல பதிவு என்று காது ஏமாந்துவிடும். பிற்காலப் பதிப்புகளில் பலதும் ஒலியைத் தூக்கிப் பதிந்தவை, பழைய தட்டை அதன் பக்கத்தில் வைத்தால் மங்கலாகத் தெரியும். குமிழைத் திருப்பிச் சமன் செய்துவிட்டு, பேரனைத் தட்டு மாற்றச் சொல்லி, நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். எது ஓடுகிறது என்று அவன் சொல்ல மாட்டான். வாத்தியார் இப்படித்தான் ஒரு நாள், தான் கரித்துக்கொட்டிய பழைய தட்டையே இரண்டு தடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

இசைத்தட்டு இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழைய பொருள் கடைகளில் பித்தளை, பீங்கான், கதவு நிலைக்கு நடுவே சில சமயம் தட்டுகள் கிடைக்கும். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். தட்டை வெளியே எடுத்து, கண் மட்டத்தில் படுக்க வைத்து விளிம்பைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அலை அலையாக வளைந்திருக்கும். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். குறுக்கே ஓடுகிற கீறலில் நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் ஊசியும் தட்டும்.

கடைசியாகப் பேச வேண்டியது பாட்டு வரிசை. வாத்தியாரின் கட்சி ‘கோல்ட்’. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2021இல் 1000 வாரத்தைத் தொட்ட முதல் ஆல்பம் அது என்று அடிக்கடி எடுத்து வைப்பார். சரி, அதன் வரிசை கெட்டிக்கார வரிசைதான். பியானோ கட்டைகளின் மேல் விரல் சறுக்கி இறங்குகிற ‘டான்சிங் குவீன்’ ஆரம்பத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆளை எழுப்பிவிடும். முதலில் பேர் வாங்கித் தந்த ‘வாட்டர்லூ’ கடைசியில். கல்யாண வீட்டில் போடுவதற்கு அதை மிஞ்ச ஆல்பம் இல்லை.

ஆனால் என் ஓட்டு ‘தி சிங்கிள்ஸ்’ தட்டுக்குத்தான். அதில் 23 பாட்டும் வெளிவந்த வரிசையிலேயே வருகின்றன. ‘ரிங் ரிங்’ துள்ளலில் ஆரம்பித்து, பாட்டுக்குப் பாட்டு குரல் முதிர்வது கேட்கும். குழுவின் இரண்டு ஜோடிகளில் அக்னெத்தாவும் பியோர்னும் 1980இல் விவாகரத்து செய்தார்கள், ஃப்ரிடாவும் பென்னியும் 1981இல். அந்த வருடங்களின் பாட்டுகள் வருகிற இடத்தில் அறையின் காற்றே மாறிவிடும். முடிவில், அந்தத் தொகுப்புக்காகவே சேர்ந்த இரண்டு புதுப் பாட்டுகள். அதில் ‘தி டே பிஃபோர் யூ கேம்’ கிட்டத்தட்ட ஆறு நிமிடம். ஒரு பெண் தன்னுடைய ஒரு சாதாரண நாளை எழுந்தது, ரயில் ஏறியது, சாப்பிட்டது என்று சொல்லிக்கொண்டே போவாள், அவ்வளவுதான். ‘கோல்ட்’ தொகுத்தவர்கள் இதை விட்டுவிட்டு ‘மோர் கோல்ட்’டில் வைத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே ‘கோல்ட்’டுக்கு என்னால் முதலிடம் கொடுக்க முடியவில்லை. 10 வருடத்தை ஒரே மூச்சில் கேட்டு, இந்தப் பாட்டில் வந்து நின்று பாருங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எங்கள் அறையில் யாரும் பேச மாட்டோம்.

வரிசைப் பேச்சுக்கு ஒரு முடிவு காண நான் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு 60 கேசட்டின் கணக்கு. பக்கத்துக்கு 30 நிமிடம், ஒரு வினாடி கூடக் கூடாது. அவரவர் ஹிட்ஸை அவரவர் எழுத வேண்டும், நிமிடம் போட்டு. பெரும்பாலும் பக்கத்துக்கு ஏழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. எட்டாவதைச் சேர்க்க வேண்டுமானால் எதை எடுப்பீர்கள்? பிடித்தது எது என்று வாயால் சொல்வது சுலபம். எதை அடிக்கிறார் என்பதைப் பாருங்கள், ஆளின் காது தெரிந்துவிடும்.

போன மாதம் ஆச்சியின் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏ பக்கம் இரண்டு நிமிடம் கூடியிருந்தது. “ஒன்னை எடுக்கணும் ஆச்சி” என்றேன். பேனாவை வாங்கி, யோசிக்காமல் ‘டான்சிங் குவீன்’ பாட்டை அடித்தார். ‘அனதர் டவுன் அனதர் டிரெய்ன்’ அப்படியே இருந்தது. 1973இல் வந்த, அதிகம் பேர் கேட்காத பாட்டு. தூங்குகிறவளிடம் சொல்லாமல் விடியலில் ரயில் ஏறிப் போகிறவன் பாடுவது.

“டான்சிங் குவீனைப் போய் எடுக்கலாமா ஆச்சி?” என்று வாத்தியார் பதறினார்.

“அப்பச்சி பினாங்குக்குப் போறப்பல்லாம் விடியக் காலம்தான் கிளம்புவாக, தம்பி. நாங்க தூங்கிக்கிட்டு இருப்போம்” என்றார் ஆச்சி.

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்த சீப்புச் சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் தாளில் நிமிடம் கூட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் நீட்டினார். பி பக்கத்தின் கடைசியில், பென்சிலில், ஆச்சியின் ரயில் பாட்டு ஏறியிருந்தது.