ஒரே லத்தீன் வேர், வேறு வேறு பொருள்: பெயரடைகளைக் கற்கும் முறை

ஸ்பானியம் அறிந்த ஒருவர் இத்தாலியமோ போர்த்துகீசியமோ கற்கத் தொடங்கும்போது, பழகிய முகத்தோடு எதிர்ப்படும் பெயரடைகளை உடனே நம்பிவிடாமல், முதலில் அவற்றின் லத்தீன் மூலத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 'லார்கோ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லத்தீனில் 'லார்குஸ்' என்றால் தாராளமான, ஏராளமான என்று பொருள். அந்தத் தாராளம் இத்தாலியத்திலும் போர்த்துகீசியத்திலும் பிரெஞ்சிலும் அகலமாயிற்று, ஸ்பானியத்தில் நீளமாயிற்று. ஆகவே 'லார்கோ'வைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், ஆறு போன்ற ஒரு பெயர்ச்சொல்லுடன் சேர்த்தெழுதி, அருகிலேயே எதிர்ச்சொல்லையும் குறித்துக்கொள்ள வேண்டும்: ஸ்பானியத்தில் நீளக் குறைவைக் குறிக்கும் 'கோர்ட்டோ', இத்தாலியத்தில் குறுகலைக் குறிக்கும் 'ஸ்ட்ரெட்டோ'. எதிர்ச்சொல் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

பாராட்டுச் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. 'தேடியெடுத்த' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'எக்ஸ்கிசிட்டோ' ஸ்பானிய விருந்தில் உணவைப் புகழும். அதன் போர்த்துகீசிய உடன்பிறப்பான 'எஸ்கிசிட்டோ'வைச் சொன்னாலோ, உணவு விநோதமாக இருப்பதாகவே சமைத்தவர் எடுத்துக்கொள்வார். நிறப்பெயர்களும் தப்பவில்லை: ஸ்பானிய 'ரோஹோ' சிவப்பு, போர்த்துகீசிய 'ரோஷு' ஊதா.