கழிவுநீர்த் தொட்டி சீக்கிரம் நிறையாமலிருக்க

சாக்கடை இணைப்பு இல்லாத முகாமில், காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் வீட்டு டிரெய்லரை நிறுத்தினால், பெரும்பாலும் முதலில் நிறைவது குளியல், சமையல் நீர் சேரும் தொட்டிதான். பாத்திரம் கழுவும் முன் எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். தண்ணீரும் மிச்சம், தொட்டியில் நாற்றமும் குறையும். உடலை நனைத்ததும் ஷவரை மூடி, சோப்புப் போட்டு முடித்த பிறகே திறங்கள். வெந்நீர் வரும்வரை ஓடும் குளிர்நீரை வாளியில் பிடித்து, பாத்திரம் அலச எடுத்துக்கொள்ளலாம்.

நீண்ட நாள் தங்குவதென்றால் சக்கரம் வைத்த சிறு தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். நிறைந்ததை அதில் பிடித்து, வெளியேற்றும் இடத்துக்கு இழுத்துச் செல்லலாம். 60 லிட்டர் என்றால் 60 கிலோ. உங்களால் நகர்த்த முடிகிற அளவாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணில் திறந்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சோப்பும் கொழுப்பும் ஓடையைக் கெடுக்கும், உணவு வாசனை விலங்குகளை இழுக்கும். கிளம்பும்போது கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்து, குளியல், சமையல் நீர்த் தொட்டியைப் பிறகு திறந்தால் குழாயும் அலசப்பட்டுவிடும்.