ஆங்கிலப் பிரதிபெயர்ச்சொற்களைப் பிழையின்றி எழுதும் முறை

தமிழில் 'வந்தாள்' என்ற வினைமுற்றே வந்தவள் ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால், எழுவாயை விட்டுவிட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தின் 'கேம்' என்ற வினைக்கு அந்த வலிமை இல்லை. வந்தது ஆணா, பெண்ணா, பலரா என்பதை 'ஹீ', 'ஷீ', 'தே' ஆகிய பிரதிபெயர்ச்சொற்களே காட்ட வேண்டியிருப்பதால், எழுவாயை எழுதியே ஆக வேண்டும். செயப்படுபொருளிலும் இதே கவனம் தேவை. படம் எப்படி என்று கேட்டால் 'பிடித்திருந்தது' என்பது தமிழில் முழுமையான விடை. ஆங்கிலத்தில் 'ஐ லைக்ட்' என்று நிறுத்தாமல் 'ஐ லைக்ட் இட்' என்று முடிக்க வேண்டும்.

நம்மவர்கள் பெரிதும் தடுமாறுவது மரியாதையில்தான். அம்மாவை 'அவங்க' என்றே சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் 'தே' என்று எழுதிவிடுகிறார்கள். 'மை மதர் இஸ் எ நர்ஸ். தே ஒர்க் அட் நைட்' என்பதைப் படிப்பவர், அம்மாவுடன் வேறு சிலரும் இரவில் வேலை செய்வதாகவே எண்ணுவார். தலைமையாசிரியரானாலும் முதலமைச்சரானாலும், ஒருவர் என்றால் 'ஹீ' அல்லது 'ஷீ' என்றுதான் பொதுவாக எழுத வேண்டும்; அதில் அவமதிப்பு சிறிதும் இல்லை. பால் இன்னதென்று தெரியாத ஒருவரைக் குறிக்கும்போதும், தம்மை அவ்வாறு குறிக்கும்படி ஒருவர் கேட்டுக்கொள்ளும்போதும் 'தே' ஒருமையில் வரலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு, 2019இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இவ்வழக்கை ஏற்றுக்கொண்டுள்ளது. 'எவ்ரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் தெயர் ஐடி கார்டு' என்று தயங்காமல் எழுதலாம்.

'ஐ', 'மீ' இரண்டில் எது என்ற ஐயம் எழுந்தால், உடன் வரும் பெயரை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். 'தி மேனேஜர் கால்டு ரவி அண்ட் ஐ' என்பதில் ரவியை எடுத்துவிட்டால் 'தி மேனேஜர் கால்டு ஐ' என்று மிஞ்சும். பிழை உடனே காதில் படும். 'பிட்வீன்', 'வித்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொற்களை அடுத்தும் 'மீ', 'ஹிம்', 'ஹெர்' என்ற வடிவங்களே வரும். 'ஐ' என்றால் நாகரிகம் என்ற எண்ணத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுவது தவறு.

நேர்காணலில் 'மைசெல்ஃப் குமார்' என்று தொடங்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்; 'ஐ ஆம் குமார்' என்பதே சரி. செய்தவரையே செயல் வந்தடையும்போதும் ('ஐ கட் மைசெல்ஃப்'), தாமே செய்ததை அழுத்திச் சொல்லும்போதும் மட்டுமே 'மைசெல்ஃப்' பொருந்தும்.

'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டும் 'எஸ்' எழுத்துக்கு முன் அப்பாஸ்ட்ரஃபி (’) குறியை இடுங்கள். உடைமைப் பொருளில் அக்குறி வராது.

இறுதியாக, எழுதியதை அனுப்பும் முன் ஒவ்வொரு 'ஹீ'யும் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். ரவி, தான் தேறிவிட்டதாகக் குமாரிடம் சொன்னான் என்றால் தேறியவன் ரவி. அவன் தேறிவிட்டதாகச் சொன்னான் என்றால் பெரும்பாலும் குமார். 'ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஹாட் பாஸ்டு' என்ற ஆங்கில வாக்கியத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அங்கே பிரதிபெயர்ச்சொல்லைக் கைவிட்டு, தேறியவரின் பெயரையே மீண்டும் எழுதுங்கள்.